அக்காவின் எண்ணெய்க் கிணறு

நிவேதா, மும்பைக்கு மாற்றல் வந்திருக்கிறது என்று சொல்லப் போன் செய்தாயே, அன்றைக்கு வைக்கப்போகிற நேரத்தில், "அம்மா, பெரிம்மா மேல இன்னும் கோவமா?" என்று கேட்டாய். நான் "கோவமெல்லாம் ஒண்ணுமில்ல, சாப்ட்டியா?" என்று பேச்சை மாற்றினேன். நீயும் விட்டுவிட்டாய். நான் சொன்னது பொய் இல்லை. எனக்கு அவள் மேல் கோபம் கிடையாது. இருப்பது பொறாமை. கோபமாக இருந்திருந்தால் ஒரு நாள் நன்றாகக் கத்திவிட்டு அடுத்த நாள் மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருப்பேன். பொறாமையை அப்படிக் கத்தித் தீர்க்க முடிவதில்லை. எதைச் சொல்லிக் கத்துவது என்றே தெரியாது. இதைப் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், இல்லையென்றால் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். எனக்கு இரண்டும் வேண்டாம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நீ அங்கே போய், முன்பின் தெரியாதவர்கள் தங்கள் பணத்தை எந்தப் பங்கில் போடலாம் என்று சொல்லப்போகிறவள். என்னைப் போல ஒருத்தி என்றைக்காவது உன் எதிரில் வந்து உட்காருவாள். அவள் என்ன நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அவள் சொல்ல மாட்டாள். நான் சொல்கிறேன்.

உன் பெரியம்மா கஸ்தூரியும் நானும் இதே கோட்டைக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவளை ரயில்வேயில் வேலை செய்கிறவருக்குக் கொடுத்தார்கள். அவள் அனுப்பம்பட்டுக்குப் போனாள். என்னைப் படகு வைத்திருக்கிற உங்க நைனாவுக்குக் கொடுத்தார்கள். நான் இங்கேயே இருந்துவிட்டேன். அவள் வீட்டில் மாதம் பிறந்தால் சம்பளம். என் வீட்டில் காற்று எப்படி அடிக்கிறதோ அப்படி. ஆனால் அதற்காக நான் ஒரு நாளும் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை, எனக்கு நீ இருந்தாய். என் கணக்கில் நான்தான் வசதியானவள். உனக்குச் சென்னையில் காலேஜ் கிடைத்தபோது, இங்கிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில் என்று தினமும் அலைய வேண்டாம், பெரியம்மா வீடு ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே இரு என்று சொன்னது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முதலில் சனிக்கிழமை தவறாமல் வந்தாய். பிறகு பரீட்சை என்றாய். பிறகு வேலை கிடைத்தது, ஷேர் வாங்கி விற்கிற ஆபீஸ், சனிக்கிழமையும் வேலை என்றாய். ஒரு தடவை வந்திருந்தபோது நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, "பெரிம்மா இஞ்சி தட்டிப் போடுவாங்க" என்றாய். சும்மா சொன்னாய். அடுத்த நாள் காலையில் நான் இஞ்சி வாங்கிவந்து தட்டிப் போட்டேன். நீ கவனிக்கவே இல்லை. குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாய்.

பெரியப்பா தவறிப்போய், ஆபீசிலிருந்து வர வேண்டிய பணமெல்லாம் அக்கா கைக்கு வந்தது. அதை என்ன செய்யலாம் என்று அவள் உன்னைக் கேட்டாள். அன்றைக்கு நான் அங்கே வந்திருந்தது உனக்கு நினைவிருக்கும். நான் நண்டு வாங்கி ஏஜென்ட் வேனுக்கு ஏற்றிவிடுகிறவள்தானே, நம் ஊர் உப்பு ஏரியில் கை போட்டுப் பிடிக்கிற பெண்கள் கொண்டுவந்ததில் நல்ல கனமான பச்சை நண்டாகப் பார்த்து வேனில் ஏற்றாமல் ஒதுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் இரண்டு பேரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். நடுவில் உன் லேப்டாப். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாடி" என்றாள், திரும்பவும் குனிந்துகொண்டாள். நீ, "அம்மா, கொஞ்ச நேரம், இத முடிச்சிட்டு வரேன்" என்றாய். நான் நண்டைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது.

"எண்ணெய எடுத்து விக்கிற கம்பெனி வேற பெரிம்மா, கெணறு தோண்டிக் குடுக்கிற கம்பெனி வேற. இவங்களுக்கு எண்ணெ சொந்தமில்ல. கடல்ல நிக்குது பாரு, கெணறு தோண்டற மேடை, இந்த ரிக்க வாடகைக்கு விடுறாங்க. நாள் வாடகை" என்றாய்.

"நம்ம ஊர்ல போட் வாடகைக்கு விடுறாங்களே, அந்த மாதிரியா?" என்றாள் அக்கா.

"அதேதான். மீனு கெடச்சாலும் கெடைக்கலன்னாலும் போட்காரருக்கு வாடகை வந்துடும். ஆனா ரொம்ப நாள் மீனே இல்லன்னா அப்புறம் யாரும் போட் எடுக்க வர மாட்டாங்க இல்ல. எண்ணெ வெல விழுந்தே கெடந்தா தோண்டறத நிறுத்திடுவாங்க. ரிக்கு சும்மா நிக்கும்."

"இப்ப வெல ஏறுமா, எறங்குமா?"

"தெரியாது. யாருக்குமே தெரியாது. தெரியும்னு சொல்றவங்கள நம்பாத. ஏறும்னு நெனச்சு வாங்கக் கூடாது. எறங்கினாலும் எவன் தாக்குப்பிடிச்சு நிப்பான்னு பாத்து வாங்கணும்."

அதற்குமேல் நீ முக்கியமாக என்னவோ சொன்னாய். நான் நண்டு ஓட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன், குழாய்ச் சத்தத்தில் கேட்கவில்லை. வெளியே வந்து என்ன சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், என் மகள் பேசுவதை நான் அக்கா வீட்டுச் சமையல்கட்டில் நின்று ஒட்டுக்கேட்கிறேன் என்று ஆகிவிடும். கேட்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது நீ நண்டுக் காலை உடைத்து, சதையை முழுசாக எடுத்து, பெரியம்மா தட்டில் வைத்தாய். அவளுக்குப் பல் சரியில்லை. எனக்குத் தெரியும். எனக்கும் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை, நிவேதா.

நீ அவளுக்கு ஒரு கிணறு தோண்டுகிற கம்பெனியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாய். உங்க நைனாவிடம் வந்து சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "உங்க அக்கா எண்ணெக் கெணறு வாங்கிட்டாங்களா? வெளிநாட்டு ராஜாங்கதான் வாங்குவாங்கோ" என்றார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது. அதற்குப் பிறகு எங்கேயோ சண்டை என்று டிவியில் காட்டினார்கள், எண்ணெய் விலை ஏறியது, டீசல் ஏறியது. ஏரி முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போய்த் திரும்பினால் டீசலுக்கே மீன் சரியாகப் போனது. பாதி நாள் படகைக் கரையில் ஏற்றிப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். போகிற நாளில் கேனிலிருந்து எஞ்சினுக்கு ஊற்றும்போது, "உங்க அக்கா கெணத்துக்குக் கொஞ்சம் ஊத்தறேன்" என்பார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாக இறங்கவில்லை. நாம் டீசலுக்குக் கொடுக்கிற பணம் எப்படியோ சுற்றி அனுப்பம்பட்டில் போய் விழுகிறது என்றே மனசு சொன்னது. அந்தச் சமயத்தில்தான் பங்கில் கொஞ்சம் விற்று அக்கா துணி துவைக்கிற மெஷின் வாங்கினாள். நீதான் கடைக்குக் கூட்டிப்போனாய். அதை அவள் எனக்குப் போனில் சொல்லும்போது பின்னால் மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது. வேண்டுமென்றே பக்கத்தில் நின்று பேசினாளோ என்றுகூட நினைத்தேன்.

ஊர்த் திருவிழாவுக்கு அவள் வந்தபோது நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. கோயில் வாசலில் நின்றிருந்தோம். நீ அவளுக்குப் புடவை மடிப்பைச் சரிசெய்துவிட்டு, சாமி புறப்பாடு பார்க்க முன்னால் போனாய். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண், ஐஸ் கம்பெனிக்காரரின் மனைவி, அக்காவைப் பார்த்து, "உங்க பொண்ணா? ஷேர்ல வேல செய்யுதாமே, கெட்டிக்காரப் பொண்ணுன்னாங்க" என்றாள். அக்கா, "என் பொண்ணு மாதிரி" என்றாள். அந்த 'மாதிரி'யை அவள் அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், மேளச் சத்தத்தில் அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. நான் பக்கத்தில் தேங்காய்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போய் அம்மன் முன்னால் நின்று, எண்ணெய் விலை விழணும் தாயே என்று வேண்டிக்கொண்டேன். டீசல் இறங்கினால் உங்க நைனாவுக்கு நல்லது, அதற்காகத்தான் என்று சேர்த்துச் சொன்னேன். அம்மனிடமே சால்ஜாப்பு.

விழுந்தது. நான் வேண்டி விழுந்ததா, அதுவாக விழுந்ததா, எனக்குத் தெரியாது. டிவியில் கீழே போகிற சிவப்புக் கோட்டைக் காட்டினார்கள். பெட்ரோல் பங்க்கில் டீசல் விலை மட்டும் ஒரு பைசா இறங்கவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. அதாவது என் வேண்டுதலால் நம் வீட்டுக்குச் சல்லிக்காசு பிரயோஜனம் இல்லை. இருந்தும் அன்றைக்கு நான் இறால் வாங்கித் தொக்கு செய்தேன். அக்காவுக்குப் போன் போட்டு, ரொம்ப அக்கறையாக, "இன்னாக்கா, எண்ணெ விழுதாமே, உன்னுது எப்படி?" என்றேன். அவள் அழுவாள், இல்லை புலம்பவாவது செய்வாள் என்று காத்திருந்தேன். அவள், "விழுதுடி. நிவேதா இருன்னா. இருக்கேன்" என்றாள். அவ்வளவுதான். அடுப்பில் என்ன என்று என்னைக் கேட்டாள்.

இருன்னா, இருக்கேன். அந்தச் சொல் என்னை எத்தனை நாள் படுத்தியது என்று உனக்குத் தெரியாது. அவளுடைய மெஷினைவிட, நீ சரிசெய்த புடவை மடிப்பைவிட, அதுதான் எரிந்தது. என் மகள் சொன்னாள் என்று கண்ணை மூடிக்கொண்டு இருக்கிற பாத்தியதை என்னுடையது. அதை அவள் எடுத்து அனுபவித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் பங்கு வாங்கித் தா என்று உன்னிடம் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால் பெரியம்மாவுக்குச் சொன்ன அதே பாடத்தை எனக்கு இரண்டாவது தரம் நடத்துவாய். அவள் அதற்குள் எல்லாம் தெரிந்தவளாகப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு எடுத்துக்கொடுப்பாள். அந்தக் காட்சி எனக்கு வேண்டாம். நானே வாங்குவது என்று முடிவு செய்தேன்.

பொன்னேரியில் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிற ஷேர் ஏஜென்டிடம் போய், உனக்கு நகை வாங்கவென்று நண்டுக் காசில் ஒதுக்கி வைத்திருந்ததைப் போட்டு, என் போனிலேயே கணக்கு ஆரம்பித்தேன். "எதுல போடணும்னு யோசன எதுனா இருக்காம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். "கெணறு தோண்டறதுல" என்றேன். அவர் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்த வேலை செய்கிற கம்பெனிகளை வரிசையாகக் காட்டினார். அக்காவுடையது அதில் இருந்தது. விலை ஜாஸ்தி. அதை வாங்கினால் அவளைப் பார்த்து வாங்கினதாக ஆகிவிடும். இன்னொன்று இருந்தது. விலை ரொம்பக் கம்மி. ரிக்கு எண்ணிக்கை அக்கா கம்பெனியைவிட ஜாஸ்தி. போன வருஷம் விற்ற விலையில் கால்வாசிக்குக் கிடைக்கிறது என்றார். அக்காவிடம் இருக்கிறதைப் போலப் பல மடங்கு பங்கு என் கைக்கு வரும். நண்டு விலை இறங்கின நாளில் நிறைய வாங்கிக் கட்டிப்போட்டு, விலை ஏறும்போது விடுகிறவள் நான், இதுவும் அப்படித்தானே என்று தோன்றியது. "உங்க இஷ்டம்" என்றார் அவர். வாங்கிவிட்டேன். நண்டு கொழுப்பா, சோப்ளாங்கியா என்று வயிற்றை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்பெனியை எங்கே அழுத்திப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதை நீ அக்காவுக்குச் சொன்னபோதுதான் நான் குழாயைத் திறந்து வைத்திருந்தேன். நீ சொன்னது கடனைப் பற்றி என்று பிறகு தெரிந்தது.

கொஞ்ச நாளில் எண்ணெய் மறுபடி ஏற ஆரம்பித்தது. அக்காவுடையது ஏறியது. என்னுடையது இறங்கியது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எண்ணெய் விலை ஏறும்போது கிணறு தோண்டுகிறவன் எப்படிக் கீழே போவான்? தராசில் நண்டை வைத்துவிட்டுப் போனைப் பார்ப்பேன், பிறகு மறுபடி தராசைப் பார்ப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டு கொடுக்கைக் கயிற்றால் கட்டும்போதுதான் நண்டு விரலைக் கவ்வியது. நீ வந்தபோது விரலில் துணிக்கட்டைப் பார்த்து, "இவ்ளோ வருஷம் கடிக்காத நண்டா?" என்று கேட்டாய். வயசாகிறது என்றேன்.

கடைசியில் என்னால் தாங்க முடியாமல், அக்கா வீட்டில் இருக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டு, நீ லீவில் இருந்த ஒரு நாள் அனுப்பம்பட்டுக்கு வந்தேன். அவள் இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரும்பிப் போகவும் முடியாது. போனை உன்னிடம் நீட்டினேன்.

"இத யாரு சொல்லி வாங்கின?" என்றாய்.

"நானாத்தான்."

நீ போனை வாங்கி ரொம்ப நேரம் தள்ளித் தள்ளிப் படித்தாய். உன் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ரொம்பப் பொறுமையாகச் சொன்னாய். "அம்மா, இவங்க ரிக்கெல்லாம் பழசு. பாதிக்கு மேல வேலையே இல்லாம நிக்குது. எண்ணெ ஏறினா புது ரிக்கு வச்சிருக்கறவங்களத்தான் கூப்புடுறாங்க. அதோட இவங்களுக்குக் கடன் ரொம்ப. வர்ற வாடகை வட்டிக்கே போயிடுது. அதனாலதான் வெல கம்மியா இருந்துச்சு."

"இன்னா பண்ணலாம் இப்ப?"

"வித்துடு. இன்னிக்கே வித்துடு. போனது போச்சு, மிச்சத்த எடுத்துடலாம். நானே போட்டுத் தரேன், குடு."

நான் போனைக் கொடுக்கத்தான் போனேன். அது சத்தியம். அப்போது அக்கா கீரையிலிருந்து நிமிர்ந்து, தலையை ஆட்டிக்கொண்டே, "ஆமான்டி. நிவேதா சொன்னா சரியாத்தான் இருக்கும். வித்துடு" என்றாள். அவள் நல்லதைத்தான் சொன்னாள். அவள் தலை மேலும் கீழும் அசைந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் பெற்ற மகளின் புத்தியை அவள் எனக்குச் சிபாரிசு செய்தாள். நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "பாக்கலாம், ஏறும்" என்றேன். உனக்கு அது ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை. பிறகும் போன் போட்டு வித்தியா, வித்தியா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நாளைக்கு, நாளைக்கு என்றேன். நீ தனியாக இருந்து சொல்லியிருந்தால் விற்றிருப்பேன். அவள் ஆமாம் என்று சொன்னதாலேயே எனக்கு அது இல்லை என்று ஆகிவிட்டது.

கடன் கொடுத்தவர்கள் அந்தக் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். பங்கை யாரும் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். என் போனில் அந்த எண் இப்போதும் இருக்கிறது, அசையாமல். உங்க நைனாவிடம் சொல்லாமல் இருக்க முடியாதே. கரையில் எஞ்சினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

"வித்துடுன்னு சொன்னது யாரு?"

"நிவேதா."

"விக்காதன்னு சொன்னது யாரு? உங்க அக்காவா?"

"இல்ல. அவளும் விக்கத்தான் சொன்னா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் சொல்ல வேண்டிய மிச்சத்தையும் அவர் அந்தப் பார்வையிலேயே படித்துவிட்டார். "சரி, போ, சோறு போடு, வரேன்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டீசல் ஊற்றும்போது சொல்கிற அந்த விளையாட்டுப் பேச்சையும் விட்டுவிட்டார்.

அக்கா கேள்விப்பட்டு ஒரு நாள் மத்தியானம் பஸ் பிடித்து வந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து நண்டு கட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர்கூடக் கேட்காமல் எதிரில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "உனக்கு என்னதான்டி பிரச்சன? அந்தப் பொண்ணு வித்துடுன்னு தலப்பாடா அடிச்சிக்கிச்சே, ஏன் விக்கல?" என்றாள். நான் நண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ அவளுக்கு அம்மா இல்ல" என்றேன். இத்தனை வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது. பிள்ளையில்லாதவளிடம் சொல்லக் கூடாத சொல் அது.

அவள் அழவில்லை. எழுந்து போகவும் இல்லை. "தெரியும். எனக்குத் தெரியாதா" என்றாள். கூடையை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு, "காலேஜ் படிக்கறப்ப அவளுக்குக் காய்ச்சல் வந்துது இல்ல. நான் ராவும் பகலும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கண்ண மூடிக்கிட்டு அம்மா, அம்மான்னு உன்னத்தான் கூப்ட்டா. கஞ்சிய வச்சிக்கிட்டு நின்னேன். அன்னிக்கு உன் மேல எனக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது" என்றாள். இதைக் கேட்டு எனக்கு மனசு இளகியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நிவேதா. உடம்பெல்லாம் குளிர்ந்தது.

பிறகு அவள் இன்னொன்று சொன்னாள். "இந்த ஷேரு கீரு எனக்கு என்ன தெரியும்? எங்க வீட்டுக்காரர் பணத்த பேங்க்ல போட்டுடலாம்னுதான் அவ மொதல்ல சொன்னா. பேங்க்ல போட்டா ஒரு நாள்ல வேல முடிஞ்சிடும். அப்புறம் அவ பாட்டுக்கு வேலைன்னு இருப்பா, கல்யாணம் ஆவும், எங்க வீட்டுப் பக்கம் எதுக்கு வரப்போறா? நான்தான் எண்ணெ கிண்ணென்னு எங்கியோ கேட்டத வச்சி அதுல போடறேன்னு பிடிவாதம் பிடிச்சேன். அது தெனம் ஏறுது, தெனம் எறங்குது. ஏறினாலும் ஆபீஸ்லேந்து எனக்குப் போன் பண்றா. எறங்கினா ரெண்டு தடவ பண்றா."

நான் கையில் இருந்த நண்டைக் கீழே வைத்துவிட்டேன். நான் நினைத்தது எல்லாம், அவள் பணத்துக்கும் மெஷினுக்கும் ஆசைப்பட்டாள் என்று. அவள் வாங்கியது உன் போனை. விலை எந்தப் பக்கம் போனாலும் அவளுக்கு நஷ்டமே இல்லாத வியாபாரம். அவள் மேல் எனக்கு இரக்கம் வந்தது என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறு. இந்த யோசனை எனக்கு ஏன் வராமல் போனது என்று வந்தது. எங்கள் இரண்டு பேரில் அவள்தான் சாமர்த்தியசாலி என்று உன் பாட்டி சொல்வாள். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. போகும்போது அவளுக்கு நண்டு கட்டிக் கொடுத்தேன். நல்லதாகத்தான் பார்த்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்றால், மும்பையில் உன் மேஜைக்கு எதிரில் வந்து உட்காருகிறவர்களிடம் எவ்வளவு பணம் இருக்கிறது, எவ்வளவு நாள் போடுவீர்கள் என்று கேட்பாய். அதோடு யாரைப் பார்த்து வாங்க வந்தீர்கள் என்றும் கேள். தம்பியையோ, பக்கத்து வீட்டுக்காரனையோ, ஓரகத்தியையோ பார்த்துத்தான் பாதிப்பேர் வருவார்கள். அந்த ஆளைவிட எண்ணிக்கையில் ஜாஸ்தியாக வேண்டும் என்று மலிவானதைக் கைகாட்டுவார்கள். அவர்களுக்குக் கடனையும் வட்டியையும் பழைய ரிக்கையும் எடுத்துச் சொல். ஆனால் தனியாக உட்கார வைத்துச் சொல். பக்கத்தில் யாரையும் வைத்துக்கொள்ளாதே. சரியான பேச்சை, சொன்ன ஆள் யார் என்று பார்த்துத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களுக்கு அந்த நேரத்தில் பணம் இரண்டாவது விஷயம்.

எண்ணெய் விலை இனி எங்கே போகும் என்று எனக்கு இப்போது கவலை இல்லை. டீசல் ஏறினால் உங்க நைனா வீட்டில் இருப்பார், இறங்கினால் கடலில் இருப்பார். மழை நன்றாகப் பெய்ததால் இந்த வருஷம் ஏரியில் நண்டு பரவாயில்லை. வேனுக்குப் போட்டதில் கொஞ்சம் மறுபடி சேர்த்து வைத்திருக்கிறேன். நீ அங்கே போய் வீடு பார்த்து, கட்டில் போட்டு, மூச்சு விட நேரம் கிடைத்ததும் அதை எனக்காக எதிலாவது போட்டுக் கொடு. பெரியம்மாவுடைய கம்பெனி வேண்டாம், எனக்கென்று வேறு ஒன்று பார். கிணறு தோண்டுகிறதோ, இரும்பு உருக்குகிறதோ, மருந்து செய்கிறதோ, எதுவானாலும் சரி. நீ இரு என்றால் இருக்கிறேன், வித்துடு என்றால் அன்றைக்கே விற்கிறேன். ஆனால் பேங்கில் போடு என்று மட்டும் சொல்லிவிடாதே. தினமும் ஏறி இறங்குகிற ஒன்றாகப் பார்த்து வாங்கு.

அம்மா